அழ. வள்ளியப்பா பாட்டுகளோடு ஒரு நாள்: வேலூர்ப் பக்கத்தில் பிள்ளைகளை அழைத்துப் போக முழுமையான வழிகாட்டி

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளைப் படிக்கிற பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போகலாம் என்று நூலக வாசகர் வட்டத்திலோ தெருப் பெற்றோர் மத்தியிலோ பேச்சு எழுந்தால், பெரும்பாலும் முதலில் நடப்பது வேனுக்கு முன்பணம் கொடுப்பதுதான். கோணல் அங்கேயே ஆரம்பிக்கிறது. வேன் பேசியாயிற்று என்பதால் இருக்கையை நிரப்ப ஆள் தேடுவார்கள். ஆள் சேர்ந்ததும் எல்லாருக்கும் பிடித்த இடமாகத் தேடுவார்கள். இடம் ஒன்று மூன்றாகி, மூன்றையும் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பாட்டுப் புத்தகம் பையை விட்டு வெளியே வந்திருக்காது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். பாட்டு, இடம், நாள், ஆள், நேரில் பார்த்தல், பணம், வண்டி, சாப்பாடு. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு முடிவும் அடுத்த முடிவைச் சுலபமாக்கும். இங்கே சொல்வதெல்லாம் 6 முதல் 12 வயது வரையுள்ள 25, 30 பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. கூட்டம் அதற்கு மேல் போனால் இரண்டு பயணமாகப் பிரித்துவிடுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பொறுப்பெடுக்க இரண்டு பேர், ஆறு வாரக் கால அவகாசம், ஒரு நோட்டு, பாட்டுப் புத்தகம் நாலைந்து பிரதி. பொறுப்பாளர் ஒருவராக இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே எல்லாம் நின்றுபோகும். ஐந்து பேர் என்றால் யாரிடம் பணம் கொடுத்தோம் என்பதே யாருக்கும் தெரியாது.

புத்தகத்துக்கு வேலூர் மாவட்ட மைய நூலகத்தையும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தையும் கேளுங்கள். ‘மலரும் உள்ளம்’ தொகுப்பைக் கேட்டாலே நூலகர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரே நாளில் ஒரே அட்டையில் எல்லாப் பிரதியும் கிடைக்காது. நாலு பெற்றோர் தங்கள் உறுப்பினர் அட்டையில் ஆளுக்கொன்றாக எடுக்கட்டும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து, சனிக்கிழமைப் பயணத்துக்கு வெள்ளியன்று புத்தகம் எடுக்கப் போய்க் கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. வியாழனுக்குள் எடுத்துவிடுங்கள்.

1. மூன்று பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று போதும். பத்துப் பாட்டு வைத்தால் பத்தும் அரைகுறையாக ஓடும். அந்த மூன்றையும் இப்படிப் பிரியுங்கள்: ஒன்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடமானது, ஒன்று பாதி தெரிந்தது, ஒன்று கேட்டே இராதது.

தெரிந்த பாட்டில் ஆரம்பித்தால் கூச்சம் போகும், எல்லா வாயும் திறக்கும். பாதி தெரிந்ததைப் பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வீட்டிலேயே படிக்கச் சொல்லுங்கள். புதிய பாட்டை மட்டும் போகிற இடத்துக்கென்று ஒளித்து வையுங்கள். அந்த இடத்தில் முதன்முதலாகக் கேட்ட பாட்டைப் பிள்ளைகள் அந்த இடத்தோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வார்கள். அதற்காகத்தானே வண்டி ஏறுகிறோம்?

நீளம் எட்டு வரியிலிருந்து பதினாறு வரிக்குள் இருக்கட்டும். பெரிய பிள்ளைகள் அதிகமாக இருந்தால் கதைப்பாட்டு ஒன்றைச் சேர்க்கலாம். ஈசாப் கதைகளை வள்ளியப்பா பாட்டாகவே எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்றை எடுத்தால் நடிக்கவும் செய்யலாம், தனியாக நாடகம் எழுத வேண்டியதில்லை.

நகல் எடுத்துக் கொடுப்பதைவிடப் பிள்ளைகளையே நோட்டில் எழுதிவரச் சொல்வது நல்லது. எழுதி வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான், ஜெராக்ஸ் தாளை வாங்கியவன் அதில் ராக்கெட் செய்வான். இதைத் தவிர ஒரு பெரிய சார்ட் தாளில், பின்வரிசைக்கும் தெரிகிற எழுத்தில், புதிய பாட்டை எழுதி வையுங்கள். சார்ட்டோடு துணி மாட்டும் கிளிப் நாலு எடுத்துப் போங்கள். திறந்த வெளியில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றாலும் காற்றில் தாள் சுருண்டு, ‘யா’வும் ‘ளி’யும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் வீட்டில் உருது, தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகளில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் உண்டு. இவர்களைத் தனியே உட்கார வைக்காமல், தடையில்லாமல் படிக்கிற பிள்ளை பக்கத்தில் உட்கார வையுங்கள். வள்ளியப்பாவின் பாட்டுகள் தாளத்தில் ஓடுபவை. காதால் இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை வாயில் வந்துவிடும்.

2. பாட்டுக்கு ஏற்ற ஒரே ஓர் இடம்

“அவர் பிறந்த ஊருக்கே போகலாமே” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அவர் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரம். வேலூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு பகல், வர ஒரு பகல். சின்னப் பிள்ளைகளுக்கு அது வண்டிப் பயணமாகத்தான் இருக்கும். பெரியவர்கள் தனியாகப் போய் வரட்டும்.

பக்கத்திலேயே மூன்று இடம் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று விதமான பாட்டு பொருந்தும்.

*வேலூர்க் கோட்டை.* முதன்முறை நடத்துகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஊர் நடுவில் இருக்கிறது, உள்ளே போக வரப் பிரதான வாயில் ஒன்று, நிழல் உண்டு, வெளியே வந்தால் ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாண்டும் கூப்பிடு தூரம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரை வீரர்களும் நிற்கிறார்கள். விலங்குப் பாட்டோ வேடிக்கைப் பாட்டோ பாடிவிட்டு அந்தத் தூண்களைப் பார்க்கப் போனால், “இதுக்கு மூக்கு யானை மாதிரி இருக்குதே, உடம்பு ஏன் சிங்கமா இருக்குது?” என்று பிள்ளைகளே ஆரம்பிப்பார்கள்.

கோட்டையில் இரண்டு எச்சரிக்கை. மதில் மேலே போகிற இடங்களில் கைப்பிடிச் சுவர் பல இடத்தில் தாழ்வு, கீழே அகழித் தண்ணீர். மதில் மேல் வாசிப்பு வைக்காதீர்கள், படம் அழகாக வரும் என்பதற்காகக்கூட வேண்டாம். இரண்டாவது, 1806 சிப்பாய்க் கலகத்தைச் சொல்லாமல் எப்படி விடுவது என்று வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுந்து நிற்பார். பெரிய கதை அது. அதற்கென்று இன்னொரு நாள் வையுங்கள். துப்பாக்கிச் சூட்டைக் கேட்ட பிறகு ஆறு வயதுப் பிள்ளை லட்டுப் பாட்டுக்குத் திரும்பி வராது.

*அமிர்தி.* வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், கணியம்பாடி வழியாக. சவ்வாது மலையடிவாரத்தில் வனத்துறையின் சிறு விலங்குப் பூங்கா. பறவை, விலங்கு, மரம் பற்றிய பாட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. போகிற வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது ஒரு தைரியம். அங்குள்ள அருவியில் தண்ணீர் இருக்கும் மாதத்தில் போனால், பிள்ளைகள் பாட்டை மறந்து அருவியையே கேட்பார்கள், பாறையும் வழுக்கும். அருவி திட்டத்தில் இல்லை என்பதைப் பெற்றோருக்கான கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அங்கே போய் மறுத்தால் அழுகை நடக்கும்.

*ஏலகிரி.* இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. அவற்றுக்குத் திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் என்று புலவர்கள் பெயரும், பாரி, ஓரி, காரி என்று வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பலகையைப் படிக்கச் சொல்வதே ஒரு விளையாட்டு. ஆனால் வேலூரிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வளைவில் நாலு பிள்ளைகளாவது வாந்தி எடுக்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் என்றால் பாருங்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். “கோட்டையை முடிச்சிட்டு அப்படியே பொற்கோயிலும் பாத்துட்டு வந்துடலாம்” என்கிற குரலுக்கு இடம் கொடுத்தால் வாசிப்பு நேரம்தான் முதலில் வெட்டுப்படும். எப்போதும் அதுதான் வெட்டுப்படுகிறது.

3. நாள் குறிப்பது

அவர் பிறந்த நாள் நவம்பர் 7 (1922). அன்றே வைக்க வேண்டும் என்று தோன்றும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பிறந்த நாளை நூலகத்துக்குள்ளேயே ஒரு வாசிப்பாக நடத்திவிட்டு, பயணத்தைத் தைக்குத் தள்ளுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு பிப்ரவரி நடு வரை உள்ள வாரங்கள்தான் நமக்கு நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, ஆண்டுத் தேர்வும் நெருங்கியிருக்காது. காணும் பொங்கலன்று மட்டும் எங்கும் போகாதீர்கள், இந்த மூன்று இடமும் நிரம்பி வழியும். கத்திரி வெயிலில் வேலூரில் திறந்த வெளிப் பயணம் என்பது பேச்சுக்கே இடமில்லை.

கிழமையில் ஒரு பொறி இருக்கிறது. பள்ளிக்கும் வங்கிக்கும் விடுமுறை என்று இரண்டாம் சனிக்கிழமையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை, வெள்ளிக்கிழமையும் அப்படியே. அருங்காட்சியகம் உங்கள் திட்டத்தில் இருந்தால் வேறு சனிக்கிழமையோ ஞாயிறு காலையோ பாருங்கள். அமிர்திக்குப் போவதானால் வார விடுமுறை நாளையும் நுழைவு நேரத்தையும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. எத்தனை பேர், யார் யார்

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். எட்டு வயதுக்குக் கீழே என்றால் நாலுக்கு ஒருவர். இதற்கு மேல் ஒரு பெரியவர் எந்தக் குழுவிலும் சேராமல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தால் அவளோடு உட்கார ஆள் வேண்டும், மற்ற நாலு பேர் அதற்காக நிற்கக் கூடாது.

கிளி, மயில், அணில் என்று குழுவுக்குப் பெயர் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுங்கள். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் நீங்கள் தலையை எண்ணாதீர்கள், பிள்ளைகளை “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று வரிசையாகச் சத்தம் போடச் சொல்லுங்கள். ஓடி ஆடுகிற முப்பது தலையை எண்ணினால் ஒருமுறை 29 வரும், ஒருமுறை 31 வரும். எண் சொல்லும் முறையில் யார் குறைகிறார் என்பது உடனே தெரியும், ‘பதினேழு எங்கே?’ என்று பக்கத்துப் பிள்ளையே கேட்கும்.

பெற்றோர் எல்லாரும் வரலாமா? வரலாம், ஆனால் தங்கள் பிள்ளை இல்லாத குழுவுக்குப் பொறுப்பாக. சொந்தப் பிள்ளை தன் குழுவில் இருந்தால் மற்ற நாலு பேரும் அநாதைதான்.

5. நேரில் போய்ப் பாருங்கள், அனுமதி கேளுங்கள்

பயணம் நடக்கப் போகிற அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். செவ்வாய் மதியம் வெறிச்சோடிக் கிடக்கிற மரத்தடியில் ஞாயிறு காலை கிரிக்கெட் நடக்கும்.

பார்க்க வேண்டியது நாலு. முதலாவது கழிப்பறை: திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உட்காரும் இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை. மற்ற எதையும்விட இதுதான் நாளைக் கெடுக்கும். இரண்டாவது, பத்து மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, பன்னிரண்டுக்கு எங்கே நகர்கிறது. மூன்றாவது, வண்டி எங்கே நிறுத்தலாம். நாலாவது, மழை வந்தால் ஓடி ஒதுங்க எது இடம்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடிவிட்டு எழுந்து போவதற்கும், பேனர் கட்டி மைக் வைத்து விழா நடத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு அனுமதி வேண்டும், அது சுலபத்தில் கிடைக்காது. பேனரும் மைக்கும் வேண்டாமென்று முடிவெடுங்கள். அப்படியும் முப்பது பிள்ளைகளோடு வருகிறோம் என்று அங்குள்ள அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, கையெழுத்தும் தேதியும் போட்ட நகலை வாங்கி வையுங்கள். காவலாளி கேட்டால் காட்டலாம். கோயிலுக்குள் பாடுவது வேண்டாம். அங்கே வழிபாடு நடக்கிறது, நடையும் மதியம் சாத்திவிடுவார்கள்.

கோயிலுக்குப் போனால் செருப்பு ஒரு பெரிய வேலை. முப்பது ஜோடி, அதில் பாதி ஒரே நிறம். ஒவ்வொரு குழுவும் தன் செருப்புகளை ஒரே துணிப்பைக்குள் போட்டு, பையின் மேல் கிளியோ மயிலோ எழுதிவிட்டால் திரும்பும்போது கால்மணி நேரம் மிச்சம்.

6. பணக் கணக்கு

மொத்தச் செலவை வருகிறவர்கள் எண்ணிக்கையால் வகுப்பதுதான் வழக்கமான தப்பு. நிச்சயமாகப் பணம் கொடுக்கிறவர்களால் வகுக்க வேண்டும்.

கணக்குப் புரிவதற்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் 28, பெரியவர்கள் 7. வண்டி 9,000 ரூபாய். சாப்பாடு ஆளுக்கு 120 வீதம் 4,200. நுழைவுக் கட்டணம், தண்ணீர், சார்ட், முதலுதவிப் பெட்டி எல்லாம் 1,800. ஆக 15,000. இதை 35 பேரால் வகுத்தால் ஏறக்குறைய 430 வரும், அந்தத் தொகையை அறிவித்துவிடுவார்கள். உண்மையில் பெரியவர்கள் பொறுப்பாளர்களாக வருகிறார்கள், அவர்களிடம் வாங்க முடியாது. 28 பிள்ளைகளில் நாலு பேரால் கொடுக்க முடியாது. எஞ்சியது 24. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 16,500. 24ஆல் வகுத்தால் 687.50. அறிவிக்க வேண்டியது 700.

நாலு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது இரண்டு பொறுப்பாளர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். பெயர்ப் பட்டியலைப் பெற்றோரின் போன் குழுவில் போடும்போது பணம் கட்டியவர் பக்கத்தில் டிக் போடுகிற பழக்கத்தை விடுங்கள். டிக் இல்லாத பெயர் எது என்று எல்லாரும்தான் பார்க்கிறார்கள்.

பெயர் கொடுத்தவர்கள் வேறு, பணம் கட்டியவர்கள் வேறு. “கண்டிப்பா வரோம் சார்” என்பதை நம்பிச் சாப்பாடு சொல்லாதீர்கள். பத்து நாள் முன்னதாகக் கடைசித் தேதி வையுங்கள். தேதிக்குப் பின் வராமல் போனால் பணம் திரும்பாது என்பதை அன்றைக்கே எழுத்தில் போடுங்கள்.

7. வண்டி

இப்போதுதான் வண்டி. கோட்டைக்கு ஊருக்குள்ளிருந்தே வருகிறவர்கள் என்றால் வண்டியே தேவையில்லை. பெற்றோர் கொண்டுவந்து கோட்டை வாயிலில் விடட்டும், அங்கேயே வந்து கூட்டிப் போகட்டும். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து வருகிறவர்களுக்குத்தான் வண்டி.

மஞ்சள் நம்பர் பலகை போட்ட வாடகை வண்டிதான் பேச வேண்டும். தெரிந்தவர் வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பார். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகையில் டீசல், டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடி எல்லாம் சேர்த்தியா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏலகிரி போகிறவர்கள் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை மறந்துவிட்டு டிரைவரோடு வழியில் வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளை மடியில் உட்காரவைக்கிற கணக்கு வேண்டாம், ஆளுக்கு ஓர் இருக்கை. மலைக்குப் போவதானால் மூடி போட்ட ஒரு சின்ன வாளி, தண்ணீர், பழைய துண்டு நாலு. வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், வேண்டுமானால் வீட்டிலேயே கொடுத்து அனுப்பட்டும்.

8. பெற்றோருக்குக் கடிதம்

ஒரே பக்கம். புறப்படும் இடமும் நேரமும், திரும்பும் நேரம், இரண்டு பொறுப்பாளர்களின் கைபேசி எண், எடுத்துவர வேண்டியது, எடுத்துவரக் கூடாதது. கீழே பெற்றோர் நிரப்ப வேண்டிய பகுதி: அவசரத் தொடர்பு எண் இரண்டு, ஒவ்வாமை, தினசரி மருந்து, மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போக வருபவர் பெயர், படம் எடுக்கச் சம்மதமா.

கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மாலை இருட்டில் “நான் அவங்க சித்தப்பா” என்று ஒருவர் வந்து நின்றால், பிள்ளை அவரைத் தெரியும் என்று சொன்னாலும், கடிதத்தில் பெயர் இல்லையென்றால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். நிரப்பிய தாள்களை ஒரு கோப்பில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டையும் கோப்பின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

9. சாப்பாடும் தண்ணீரும்

சைவமாக வையுங்கள். யாருக்கும் எந்தக் கேள்வியும் எழாது. எலுமிச்சம் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு வாழைப்பழம். ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கு ஆம்பூரைத் தாண்டும்போது சபலம் தட்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பதினாலு வளைவு ஏறினால் என்ன ஆகும் என்பதை டிரைவரிடம் கேளுங்கள், வண்டியைக் கழுவுகிறவர் அவர்தான். காலையில் இரண்டு இட்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டு வீட்டிலிருந்தே வரட்டும், தண்ணீர்ப் பாட்டிலும் அப்படியே. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, வனப்பகுதியில் அதை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். நிரப்பிக்கொள்ள இரண்டு இருபது லிட்டர் கேன் வண்டியில் இருக்கட்டும். அமிர்தியிலும் ஏலகிரியிலும் குரங்கு உண்டு. சாப்பாட்டை வண்டியை விட்டு இறக்கியதும் பரிமாறிவிட வேண்டும், பரப்பி வைத்துக்கொண்டு பாட்டுப் பாடக் கூடாது.

10. அன்றைய நாள் எப்படிப் போக வேண்டும்

வாசிப்பை முதலில் வையுங்கள். சுற்றிப் பார்த்துவிட்டு உட்காரலாம் என்றால் களைத்த பிள்ளைகள்தான் உங்கள் முன் இருப்பார்கள். கோட்டைக்கு இப்படி வைக்கலாம்:

காலை 8.30க்கு வாயிலில் கூடுவது, எண் சொல்லிப் பார்ப்பது. 9 முதல் 10 வரை வாசிப்பு. 10 முதல் 10.15 வரை கழிப்பறை, தண்ணீர். 10.15 முதல் 11.30 வரை கோயில் மண்டபமும் அருங்காட்சியகமும், குழு குழுவாக. 11.30க்கு நிழலில் படம் வரைதல். 12.30க்குச் சாப்பாடு. 1.30க்குக் கடைசியாக ஒருமுறை மூன்று பாட்டும். 2 மணிக்குக் கலைவது. இதற்கு மேல் இழுக்காதீர்கள்.

அந்த ஒரு மணி நேர வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணமே அதற்காகத்தான்.

வட்டமாக உட்காருங்கள். மேடைபோல ஒரு பக்கம் காலியாக விட்டால் அங்கே யார் நிற்பது என்ற பேச்சு வரும். தெரிந்த பாட்டை எல்லாரும் சேர்ந்து, கை தட்டிக்கொண்டு, இரண்டு முறை. இரண்டாவது முறை வேகமாக. பாதி தெரிந்த பாட்டைக் குழு குழுவாகப் பிரியுங்கள்: கிளிகள் ஒரு வரி, மயில்கள் அடுத்த வரி. தன் வரி எப்போது வரும் என்று காத்திருக்கிற பிள்ளை அடுத்த குழுவின் வரியையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

பிறகு புதிய பாட்டு. சார்ட்டை உடனே விரிக்காதீர்கள். முதலில் பெரியவர் ஒருவர் நிதானமாக, நடிப்பு ஏதும் இல்லாமல் ஒருமுறை சொல்லட்டும். பிள்ளைகள் கேட்கட்டும். அப்புறம் சார்ட்டை விரித்து வரி வரியாக. அதற்குப் பின் சார்ட்டில் ஒரு வரியைக் கையால் மறைத்து, “இங்க என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். பாட்டின் எதுகை மோனையே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். நாலு வரி மறைந்து ஐந்தாவது மறைகிறபோது பாட்டு மனப்பாடமாகியிருக்கும்.

“எம்பொண்ணு ஸ்டேஜ்ல நல்லா பாடுவா சார், முதல்ல அவள விடுங்க” என்று ஒரு அப்பா பக்கத்தில் வந்து சொல்வார். தனியாகப் பாட விரும்புகிறவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். அவருக்கும் பதில் சொன்னதாயிற்று. வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் சார்ட்டின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். பாடச் சொல்லி வற்புறுத்தினால் அடுத்த முறை வரவே வராது.

போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் கிடைக்காத பிள்ளைகளின் முகமும், நடுவர் யார் என்ற பெற்றோர் கேள்வியும் ஊர் திரும்புகிற வரை கூடவே வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு பென்சில்.

11. திட்டம் மாறினால்

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வானிலை பார்த்து முடிவெடுங்கள். காலையில் முடிவெடுத்தால் பாதிப் பேர் புறப்பட்டிருப்பார்கள். மழை என்றால் நூலகத்திலோ பள்ளி அறையிலோ அதே மூன்று பாட்டு, அதே சாப்பாடு. அதற்கு நூலகரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் எல்லாரும் நாலு பக்கம் ஓடக் கூடாது. குழுக்கள் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும், குழுவில் இல்லாத பெரியவர் வாயிலுக்குப் போக வேண்டும், இன்னொருவர் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு. கோட்டையில் வாயிலை ஒருவர் பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ‘வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்’ என்பதைப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

12. திரும்பி வந்த பிறகு

மூன்று நாளுக்குள் வரவு செலவை எழுதிப் பெற்றோர் குழுவில் போடுங்கள். மீந்த பணம் ஐம்பது ரூபாயாக இருந்தாலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து. நூலகப் புத்தகங்களைத் தவணைக்குள் திருப்புங்கள். நாலு பெற்றோர் அட்டையில் எடுத்தது என்பதால் யாரோ ஒருவர் தாமதித்து அபராதம் கட்டுவார், அதைத் தவிர்க்க எல்லாப் பிரதியையும் அன்று மாலையே ஒருவர் கையில் வாங்கிவிடுங்கள்.

நோட்டில் அடுத்த ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்தப் பாட்டு எடுபட்டது, எந்த மரத்தடி, கழிப்பறைச் சாவி யாரிடம், எந்த டிரைவர் பொறுமையானவர், எத்தனை பேருக்குச் சாப்பாடு மிஞ்சியது. படங்களைப் பெற்றோர் குழுவுக்குள் மட்டும் பகிருங்கள். கடிதத்தில் சம்மதம் தராதவர்களின் பிள்ளை தெரிகிற படங்களை முதலிலேயே தனியாக எடுத்து, அந்தந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.